கூடத்துக்குக் கைதட்டல்

ஒரு சின்னப் பரீட்சை. யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலி அல்வாவுக்கு ஏன் அந்த ருசி?

'தாமிரபரணித் தண்ணி' என்று சொல்லியிருப்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா? 'மலையடிவாரத்துல மேயுற மாடு சார், பாலே தனி.' கோவில்பட்டி கடலை மிட்டாய்? 'கரிசல் மண்ணுல விளைஞ்ச கடலை.' மணப்பாறை முறுக்கு? 'அந்த ஊர்த் தண்ணியிலேயே லேசா உப்பு இருக்கும்.'

நூற்றுக்கு நூறு. நானும் இதே பதில்களைத்தான் ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அல்வாச் சட்டிக்கு முன்னால் நின்று மணிக்கணக்கில் கிண்டுகிற மனிதரின் தோள்பட்டையைப் பற்றி நீங்களும் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை. பால்கோவாவுக்கும் கடலை மிட்டாய்க்கும் 2019லும் 2020லும் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர்ப் பெயருக்குத்தான் மாலை போட்டோம்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. விருதுநகர் புரோட்டா. எண்ணெயில் பொரித்தெடுத்து, பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றித் தருவார்களே, அது. யாராவது 'விருதுநகர்த் தண்ணி அப்படி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மாட்டார்கள். (கோடையில் எங்கள் ஊரில் தண்ணீர் படும் பாடு தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.) 'மாஸ்டர் கை சார்' என்றுதான் சொல்வார்கள். ஏன் புரோட்டாவுக்கு மட்டும் இந்த நியாயம்? எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்றுதான். புரோட்டா மாஸ்டர் கடை வாசலிலேயே நிற்கிறார். மாவை வீசுவது, மடிப்பது, தட்டுவது எல்லாம் நம் கண் முன்னால் நடக்கிறது. அல்வா பின்கட்டில் நடக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற கைக்குப் பெயர் கிடைக்கிறது. தெரியாத கையின் பெயரை மண்ணும் தண்ணீரும் எடுத்துக்கொள்கின்றன.

இந்த யோசனை எனக்குள் புகுந்தது விருதுநகரில் அல்ல, பிரான்சில். கதையைச் சொல்கிறேன்.

லியோன் நகரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். காரைக்கால்காரர். 'இவ்வளவு தூரம் வந்துட்டு திராட்சைத் தோட்டம் பாக்காமப் போனா எப்படி?' என்று ஒருநாள் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். நான் குடிப்பதில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் ஒயினின் ருசி பற்றி ஒரு வரிகூட இருக்காது. அது தேவைப்படுகிறவர்கள் மன்னிக்கவும். எனக்குக் காட்டப்பட்டது மண்.

பர்கண்டி என்பது அந்த வட்டாரத்தின் பெயர். சிவப்பு ஒயினுக்கு அங்கே ராஜா ஒரே ஒரு திராட்சை. பினோ நுவார். அதைவிடக் கோபக்காரக் குழந்தை செடியினத்தில் கிடையாது என்பார்கள். பனி பெய்தால் ஆகாது, வெயில் கூடினால் ஆகாது, தோல் மெல்லிசு, விளைச்சல் குறைவு. ஆனால் சரியான மண்ணில் நட்டால்... என்று சொல்லிவிட்டு அந்த ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

அந்த மண்ணைப் பிரித்து வைத்திருக்கிற விதம் இருக்கிறதே, நம் ஊர் பாகப்பிரிவினை வக்கீல்கள் தோற்றார்கள். ஒரு மாட்டுவண்டித் தடம். அந்தப் பக்கம் விளைவதற்கு ஒரு விலை, இந்தப் பக்கம் விளைவதற்குப் பத்து மடங்கு விலை. செடி ஒன்று, வெயில் ஒன்று, மழை ஒன்று. மண் மட்டும் வேறாம். சிஸ்டர்சியன் துறவிகள் பல நூற்றாண்டுகள் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள், மண்ணை வாயில் போட்டே ருசி பார்த்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அந்தத் துண்டு நிலங்களுக்கு 2015ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. ரொமானே கோந்தி என்று ஒரு துண்டு, 1.8 ஹெக்டேர். நம் கணக்கில் நாலரை ஏக்கர்கூட வராது. அதில் 1945ல் விளைந்த திராட்சையின் ஒரு பாட்டில் 2018ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நாலு கோடி ரூபாய். ஒரு பாட்டில்!

தோட்டக்காரர் ஒருவரிடம், 'நீங்கள் என்ன பண்ணி இப்படி வருகிறது?' என்று நண்பர் மூலமாகக் கேட்டேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். 'நாங்கள் ஒன்றும் செய்வதில்லை. மண் செய்கிறது. நாங்கள் குறுக்கே வராமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.'

எனக்குப் புல்லரித்தது. என்ன அடக்கம்! இந்த மண் குணத்துக்குப் பிரெஞ்சில் 'தெர்வார்' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு இங்கிலீஷிலேயே சொல் இல்லை என்றார் நண்பர். தமிழில் உண்டு என்றேன். மண் ராசி.

திரும்பும் வழியில்தான் அவர் இன்னொரு கதை சொன்னார். அதைக் கேட்டதும் புல்லரித்ததெல்லாம் இறங்கிவிட்டது.

1395ஆம் வருஷம். பர்கண்டியின் பிரபு பிலிப் ஒரு ஆணை போட்டார். அப்போது அங்கே விவசாயிகள் 'கமே' என்று வேறொரு சிவப்புத் திராட்சையை நட ஆரம்பித்திருந்தார்கள். கமே என்பது அதே பர்கண்டியில் ஒரு சிற்றூரின் பெயர்தான். வந்தேறிச் செடி அல்ல, உள்ளூர்ப் பிள்ளை. பினோவைவிட முன்னாலேயே பழுக்கும், பல மடங்கு காய்க்கும். பெரிய கொள்ளைநோய் வந்து கிராமமெல்லாம் ஆள் இல்லாமல் கிடந்த நூற்றாண்டு அது. கொஞ்சம் ஆளை வைத்துக்கொண்டு நிறைய விளைய வேண்டுமென்றால் விவசாயி வேறு என்ன செய்வான்?

பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை. பர்கண்டியின் பெயர் கெடுகிறது என்றார். ஆணையில் அந்தச் செடிக்கு அவர் கொடுத்த பட்டம், மிக மோசமான, விசுவாசமில்லாத செடி. அதன் கசப்பு மனித உடம்புக்கே கேடு, வேரோடு பிடுங்கி எறியுங்கள் என்று உத்தரவு.

ஒரு செடி விசுவாசமில்லாமல் இருக்க முடியுமா? நாய் இருக்கலாம், மருமகன் இருக்கலாம். செடி?

இதில் ஒரு பின்கதை உண்டு. 1999ல் மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். இந்தக் கமே யாருடைய பிள்ளை என்று தெரிந்தது. பெற்றோரில் ஒருவர் சாட்சாத் பினோ. இன்னொருவர் குவே பிளாங் என்ற, ஏழைக் குடியானவர்கள் வளர்த்த, யாரும் மதிக்காத வெள்ளைத் திராட்சை. அதே ஜோடிக்குப் பிறந்த இன்னொரு பிள்ளைதான் சார்டனே. பர்கண்டியின் வெள்ளை ஒயினுக்கு அதுதான் இளவரசர். ஒரு வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பட்டாபிஷேகம், ஒன்றுக்கு வனவாசம். நமக்குப் பழக்கமான கதைதான்.

துரத்தப்பட்ட கமே எங்கே போயிற்று? தெற்கே, லியோனை ஒட்டிய போஜொலே என்ற கருங்கல் குன்றுப் பகுதியில் வேரூன்றியது. இன்று போஜொலே என்றால் கமே, கமே என்றால் போஜொலே. ஒவ்வொரு நவம்பர் மாதமும் மூன்றாவது வியாழக்கிழமை, அறுவடையாகிச் சில வாரங்களே ஆன புது ஒயினை உலகமெங்கும் ஒரே நாளில் திறக்கிறார்கள். வருஷம் பூராவும் பாடுபட்டது ஒருநாள் கூத்துக்கு. சிவகாசிக்குத் தீபாவளி எப்படியோ அப்படி.

சிவகாசி என்ற சொல் எனக்குள் விழுந்தது அந்தக் காரில், அந்த இடத்தில்தான்.

நான் பிறந்தது விருதுநகர். சித்தியைக் கட்டிக்கொடுத்தது சிவகாசிக்குப் பக்கத்தில் திருத்தங்கல். சின்ன வயதில் லீவு விட்டால் அங்கேதான். அந்தப் பாதையில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். இருபக்கமும் வேலிக்கருவை. வானம் பார்த்த பூமி. மானாவாரியாக எதையாவது விதைத்துவிட்டு மேகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சம்சாரிகள்.

அந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம். 'மழையில்லாத காஞ்ச மண்ணு சார். பட்டாசுக்கு அதான் ராசி.'

உண்மையா? பாதி உண்மை. மருந்து காய வெயில் வேண்டும், ஈரம் கூடாது. ஆனால் தமிழ்நாட்டில் காய்ந்த மண்ணுக்கா பஞ்சம்? ராமநாதபுரம் காயவில்லையா? புதுக்கோட்டைப் பக்கம் காயவில்லையா? அங்கெல்லாம் ஏன் நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு தயாராகவில்லை? 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு சிவகாசிக்காரர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பெட்டிக்கு லேபிள் ஒட்டவேண்டியிருந்ததால் அச்சுத் தொழில். ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்று வந்தது. 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாக இன்றும் சொல்லி மகிழ்கிறோம். மண் கொடுத்தது ஒன்றுதான்: 'என்னிடம் எதுவும் இல்லை, போய் வேறு வேலை பார்' என்ற பதில். மிச்சமெல்லாம் மனிதர்கள் செய்தது.

அந்த மனிதர்களில் ஒருவர் என் சித்தி. பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தவர். ஃபாக்டரியை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். விடிவதற்கு முன்னால் ஊருக்குள் பஸ் வரும். தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் பட்டாசு. பேப்பர்க் குழாய் சுருட்டுவார், திரி வைப்பார், அப்புறம் பல வருஷம் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தார். எங்கள் பக்கம் அதன் பெயர் பூச்சட்டி. சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்தால் கை இரண்டும் வெள்ளியாக மினுங்கும். அலுமினியப் பவுடர். ஆறு வயதில் எனக்கு அது தேவதையின் கையாகத் தெரிந்தது. 'தொடாதய்யா, கழுவிட்டு வாரேன்' என்று கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்.

பவுடரை எவ்வளவு இறுக்கி அடைக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. தளர்ந்தால் புஸ்ஸென்று போகும். இறுகினால் வெடிக்கும். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, சித்தியின் கட்டைவிரலில் இருந்தது. சிவகாசிப் பூச்சட்டி ஆளுயரம் பூத்தபோது ஊரெல்லாம், 'சிவகாசிச் சரக்குன்னா சிவகாசிச் சரக்குதான்' என்றது. சித்தியின் கட்டைவிரல் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று சித்தியும் எதிர்பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது வெறும் பாராட்டு விஷயம். பாராட்டு யாருக்குப் போனால் என்ன, சோறு கிடைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும்தான். இதன் மறுபக்கம் ஒன்று இல்லாவிட்டால்.

செய்தித்தாளை எடுங்கள். விருதுநகர் மாவட்டத்தில் வெடிவிபத்து என்று செய்தி வந்த ஏதாவது ஒரு நாள். நான் பார்க்காமலே சொல்கிறேன், அதில் இந்த வாக்கியம் இருக்கும்: 'மருந்துக் கலவை தயாரிக்கும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக.' அல்லது, 'மருந்தைக் கவனக்குறைவாகக் கையாண்டதால்.'

கை! கடைசியில் கை வந்துவிட்டது பார்த்தீர்களா? நூறு வருஷமாகப் பட்டாசு செய்தது மண். வெடித்த அன்றைக்கு மட்டும் செய்தது கை.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. நாம் அதைத் தலைகீழாக நடத்திக்கொண்டிருக்கிறோம். ஆட்டம் நன்றாக அமைந்தால் கூடத்துக்குக் கைதட்டுகிறோம். 'என்ன கூடம்! என்ன ராசி!' கால் பிசகி விழுந்தால் மட்டும் ஆடினவள் பக்கம் திரும்பி, 'உனக்கு ஆடத் தெரியவில்லை' என்கிறோம்.

பர்கண்டியிலும் இதேதான். ஒயின் நன்றாக வந்தால் மண். ஊர்ப் பெயர் கெட்டால் விசுவாசமில்லாத செடி. பிலிப் பிரபு ஒருநாளும் 'என் மண் சரியில்லை' என்று ஆணை போடவில்லை.

மண்ணுக்குப் பெருமை கொடுப்பதில் என்ன வசதி என்று யோசித்துப் பாருங்கள். மண் கூலி கேட்காது. போனஸ் கேட்காது. வருங்கால வைப்புநிதி கேட்காது. அதைவிட முக்கியம், மண்ணுக்குப் பட்டா உண்டு. மண்ணைப் புகழ்ந்தால் அந்தப் புகழ் நேராகப் பட்டாதாரர் பெயரில் வரவாகிவிடும். கைக்குப் பட்டா கிடையாது. பழி சுமத்தும்போதுதான் ஒரு முகமும் விலாசமும் தேவைப்படுகிறது.

அப்படியானால் அந்தப் பிரெஞ்சுத் தோட்டக்காரர் சொன்னது பொய்யா? அவர் அடக்கம் நடிப்பா? ரொம்ப நாள் இதை மனதில் போட்டு உருட்டினேன். இல்லை என்றுதான் படுகிறது. 'நான் செய்யவில்லை, மண் செய்தது' என்று ஒருவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னால் அது அடக்கம். அதே வாக்கியத்தை அடுத்தவர் வேலையைப் பற்றிச் சொன்னால்? 'நீ செய்யவில்லை, மண் செய்தது.' ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. அடக்கம் திருட்டாகிவிட்டது. அந்தத் தோட்டக்காரர் தன்னைப் பற்றிச் சொல்லும்வரை சரி. செப்டம்பர் மாதத்தில் குனிந்து குனிந்து பழம் பறிக்க வருகிற கூலியாட்களுக்கும் சேர்த்து அவர் சொல்ல ஆரம்பித்தால் அது வேறு விஷயம். வேறொரு பிரெஞ்சு வட்டாரமான ஷாம்பேனில் 2023 அறுவடையின்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களை மனிதர் தங்க லாயக்கில்லாத இடத்தில் அடைத்து வேலை வாங்கியது வெளியே வந்தது. ஆள்கடத்தல் வழக்காகி, 2025ல் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. உலகத்திலேயே அதிகம் கொண்டாடப்படுகிற மண்களில் ஒன்று அது.

பிரான்ஸ்வரை போவானேன்? நம் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறதே. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் பூராவும் காய்க்கிற அதிசயம். மண், மலை, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் என்று எழுதினோம். எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் திராட்சையின் வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்தில் ஒரு கண்ணாடிக் கொட்டகையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தோட்டக்காரர் இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கியது. பிறந்தது இங்கிலாந்து, பெயர் ஜெர்மன் ஊர், புகழ் கம்பத்துக்கு. எந்த மண்ணுக்கு விசுவாசமான செடி இது? நடுவில் அதைக் கொண்டுவந்து, பந்தல் போட்டு, காலம் பார்த்துக் கவாத்து செய்து, நாள் முழுக்கக் கையைத் தலைக்குமேல் தூக்கியபடி குலை குலையாக வெட்டுகிறவர்கள் இல்லாவிட்டால் எந்த மண்ணும் ஒன்றும் செய்திருக்காது. நீங்கள் ஒரு ஐந்து நிமிஷம் கையைத் தலைக்குமேல் தூக்கி நின்று பாருங்கள்.

நம் ஔவையார் இந்த வழக்கில் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். புறநானூற்றில், நிலத்தையே கூப்பிட்டு அதனிடம் பேசுகிறார். நீ நாடாக இரு, காடாக இரு, பள்ளமாக இரு, மேடாக இரு. உன்மேல் இருக்கிற மனிதர் நல்லவரானால் நீயும் நல்லாய், அவ்வளவுதான் உன் சங்கதி என்கிறார். மண்ணுக்கு என்று தனியாக ராசி எதுவும் கிடையாது என்று மண்ணின் முகத்துக்கு நேரே சொன்ன கிழவி!

சரி, கை தவறுவதே இல்லையா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்தால் நான் அயோக்கியன். தவறுகிறது. இப்போது ஓய்வில் இருக்கிற ஒரு போர்மேன் அண்ணாச்சியிடம் ஒருநாள் உட்கார்ந்து பேசினேன். 'தொழிலாளி தப்பே பண்ணலைன்னு எழுதிராதீக. பண்ணுவாக. ரூமுக்கு நாலு பேருதான்னு சட்டம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கலக்கணும். கலந்ததை அன்னிக்கே தீத்துரணும். மிச்சம் வச்சா நீத்துப்போயி மறுநாள் அதுவே எமன். எல்லாம் எல்லாருக்கும் தெரியும்' என்றார்.

'தெரிஞ்சும் ஏன்?'

'எண்ணிக்கைக்குத்தான கூலி? தீவாளி நெருங்குது. மேல இருந்து இன்னும் நூறு பெட்டி, இன்னும் எரநூறு பெட்டிங்கான். நாலு பேரு ரூம்ல எட்டு பேரு. கை வேகமாப் போவும். வேகமாப் போற கை உரசும். உரசுனது கைதான். வேகத்தைச் சொன்னது யாரு?'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'பேப்பர்ல உராய்வுன்னு போடுவான். உராய்வு ஒண்ணும் பொய்யில்ல' என்றார்.

2012 செப்டம்பர் 5. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி. முப்பத்தெட்டுப் பேருக்குக் குறையாமல் செத்துப்போனார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. முதல் சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்து ஜனங்கள். அவர்களுடைய எந்தக் கை எதில் உரசியது? அதற்கு அப்புறமும் வருஷம் தவறாமல் விபத்துகள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. அதையொட்டி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. மண் அப்போதும் அங்கேயேதான் இருந்தது. அதே வெயில், அதே காய்ந்த ராசி. ஒரு மத்தாப்புக்கூட அது தானாகச் செய்து தரவில்லை.

எனக்கு இதில் ஒரே ஒரு கணக்குத்தான் புரிகிறது. ஒரு கைக்கு ஒரு கட்டடத்தையே தரைமட்டமாக்கும் சக்தி உண்டு என்று வழக்குப் பதிவு செய்கிறோம் அல்லவா? அப்படியானால் அதே கைக்குத்தான் முந்தைய நாள்வரை அது வெடிக்காமல் பார்த்துக்கொண்ட சக்தியும் இருந்திருக்க வேண்டும். சித்தி முப்பது வருஷம் பூச்சட்டி அடைத்தார். ஒருநாளைக்கு நூற்றுக்கணக்கில். அத்தனை தடவையும் அந்தக் கட்டைவிரல் சரியான இடத்தில் நின்றது. அதற்கு எந்தப் பேப்பரிலும் 'கவனமாகக் கையாண்டதால் விபத்து நடக்கவில்லை' என்று செய்தி வரவில்லை. இல்லை, மண்தான் எல்லாம் என்றால் அதையாவது ஒழுங்காகச் சொல்லுங்கள். அடுத்த தடவை விபத்து நடக்கும்போது முதல் தகவல் அறிக்கையில் மண்ணை முதல் குற்றவாளியாகப் போட்டுவிட்டு, பட்டாதாரரை விசாரணைக்குக் கூப்பிடுங்கள்.

சித்தி இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. இருமல் உண்டு. கை இப்போது மினுங்குவதில்லை. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது பேரன் பட்டாசுப் பெட்டியைப் பிரித்து ஹாலில் பரப்பியிருந்தான். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு புஸ்வாணத்தை எடுத்தார். தரையில் லேசாகத் தட்டிப் பார்த்தார். அடியைக் கட்டைவிரலால் அமுக்கினார். காதுகிட்டே வைத்து ஒருதரம் ஆட்டினார்.

'இது நம்ம பக்கத்துச் சரக்கு மாதிரி இல்லையே.'

நான் பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். 'சிவகாசின்னு போட்டிருக்கே சித்தி.'

'ஊரு சிவகாசிதான்யா. கை வேற. புதுப்பிள்ளை யாரோ. பயந்து பயந்து அடச்சிருக்கா.'

பேரன் அவசரப்பட்டான். வாசலில் வைத்துக் கொளுத்தினோம். கொஞ்சம் திணறி, அப்புறம் இடுப்பு உயரத்துக்குப் பூத்தது. சித்தி கதவு நிலையில் சாய்ந்து நின்று, அது அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

'பரவால்ல. பழகிருவா' என்றுவிட்டு உள்ளே போனார்.